பத்து வருஷம் ஆடியாச்சு, அப்புறம் என்ன அழுகை?

4 ஜூலை 2025, ஒரு வாசகர் கேட்டது

"தி க்ரூ என்ற கார் ரேஸ் கேமை அதைச் செய்த யுபிசாஃப்ட் கம்பெனி மூடிவிட்டது, விற்ற கேமை இப்படி மூடக் கூடாது என்று சட்டம் கேட்டு ஐரோப்பாவில் பத்து லட்சம் பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எனக்கு இந்தக் கோபமே பிடிபடவில்லை. இணையம் இல்லாமல் ஓடாது என்று பெட்டியிலேயே போட்டிருந்தான். தெரிந்துதானே வாங்கினீர்கள்? பத்து வருஷம் ஆடியும் ஆயிற்று. சினிமா டிக்கெட் எடுத்தவன் படம் முடிந்த பிறகும் சீட்டை விட்டு எழ மாட்டேன் என்றால் எப்படி? பிடிக்காவிட்டால் வாங்காதீர்கள். இதில் சட்டத்துக்கு என்ன வேலை?"

4 ஜூலை, இரவு

டிக்கெட்டில் காட்சி நேரம் போட்டிருக்கும். மாலை 6.30 காட்சி என்றால் எத்தனை மணிக்கு எழுந்து போகணும் என்பது கவுண்டரில் காசு கொடுக்கும்போதே தெரியும். தி க்ரூ பெட்டியில் எங்கே போட்டிருந்தது காட்சி முடியும் நேரம்?

தேதிகளைப் பாருங்கள். கேம் வந்தது 2014 டிசம்பர் 2. கடைகளிலிருந்து எடுத்தது 2023 டிசம்பர் 14. கேம் ஓடுவதற்குக் கம்பெனி தன் பக்கம் வைத்திருந்த கம்ப்யூட்டரை, அதாவது சர்வரை, அணைத்தது 2024 மார்ச் 31. முதல் நாளே வாங்கினவருக்குக்கூடப் பத்து வருஷம் ஆகவில்லை. 2023 நவம்பரில் வாங்கினவருக்கு நாலு மாசமும் கொஞ்சமும். கடைசியில் வாங்கின சிலருக்குப் பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றார்கள், சரி. 2022ல் வாங்கினவர்? அவர் எந்தக் கணக்கிலும் வரவில்லை. "பத்து வருஷம் ஆடியாச்சு" என்பதை நீங்கள் முதல் நாள் வரிசையில் நின்றவரிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

5 ஜூலை

நேற்று தேதியோடு நிறுத்திவிட்டேன். அந்தக் கேமை ஆடாதவர்களுக்காக ஒரு விஷயம்.

அது முழுக்க முழுக்கக் கூட்டமாக ஆடும் கேம் இல்லை. அமெரிக்காவைச் சுருக்கி ஒரே வரைபடமாக்கி வைத்திருந்தார்கள். நியூயார்க்கில் கிளம்பி லாஸ் ஏஞ்சலஸ் வரைக்கும் நிற்காமல் ஓட்டலாம். நடுவில் பாலைவனம், பனிமலை எல்லாம் வரும். கதை உண்டு, போட்டிக்குக் கம்ப்யூட்டரே ஓட்டும் கார்கள் உண்டு. ஆளே இல்லாத நெடுஞ்சாலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு தன்னந்தனியாகப் போகிறவனுக்கும் சர்வர் கட்டாயம். இதுதான் உறுத்துகிறது. வேறு மனிதர் இல்லாமல் நடக்காத ஆட்டம் ஒன்று உண்டு, வேறு மனிதரே தேவையில்லாத ஆட்டம் ஒன்று உண்டு. இரண்டாவதையும் முதலாவதன் வாலில் கட்டிவிட்டார்கள்.

அணைத்ததோடும் விடவில்லை. ஏப்ரலில் பலருடைய யுபிசாஃப்ட் கணக்கிலிருந்து உரிமத்தையே எடுத்துவிட்டார்கள். சர்வர் இல்லாத கேமுக்கு உரிமம் இருந்தால்தான் என்ன என்று கேட்கலாம். அதற்குப் பதில் பிறகு எழுதுகிறேன், கரண்ட் ஊசலாடுகிறது.

6 ஜூலை

கீழே ஒருவர் "எல்லா ஆன்லைன் கேமும் ஒன்றுதான், சர்வரில்லாமல் ஓட வைப்பது நடக்காத காரியம்" என்று எழுதியிருக்கிறார். சர்வர் பக்கம் வேலை பார்க்கிறவன் என்பதால் இதில் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"எப்போதும் இணையம்" என்று ஒரே பெயரில் திரிகிறவை ஒரே சாதி இல்லை. அடிமட்டத்தில் இருப்பது வெறும் காவல்காரன். 2010ல் அஸாஸின்ஸ் க்ரீட் 2 கணினிப் பதிப்பை யுபிசாஃப்ட் அப்படித்தான் விட்டது. கேம் முழுக்க உங்கள் கம்ப்யூட்டரில். சர்வரின் வேலை "இவன் காசு கொடுத்தவன்தானா" என்று ஓயாமல் பார்ப்பது. நெட் அறுந்தால் ஆட்டம் நிற்கும். அந்த மார்ச்சில் சர்வரை யாரோ தாக்கி முடக்கியபோது காசு கொடுத்து வாங்கினவர்கள்தான் ஆட முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டார்கள். எடுத்தால் கேமுக்கு ஒரு குறையும் வராது, ஏனென்றால் கேமுக்குள் அதற்கு ஒரு வேலையும் இல்லை.

அதற்கு மேலே, வேலை இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் சர்வர். 2013 மார்ச்சில் நகரம் கட்டி ஆடும் சிம்சிட்டி கேம் வந்தது. முதல் வாரம் உள்ளேயே நுழைய முடியவில்லை. கூட்டம் தாங்காமல் சர்வர் விழ, ஈஏ கம்பெனி சமாதானத்துக்கு வேறொரு கேமை இலவசமாகக் கொடுத்தது. "நகரத்தின் கணக்குகளில் கணிசமானவை எங்கள் சர்வரில் நடக்கின்றன, ஆஃப்லைன் ஆக்க பெரிய பொறியியல் வேலை ஆகும்" என்பது தயாரித்த மேக்ஸிஸ் தரப்பின் விளக்கம். சில நாளில் ஒரு ரசிகர் இணைப்பு அறுந்ததும் ஆட்டத்தை வெளியே தள்ளும் நேரக்கணக்கை அணைத்துவிட்டு நகரத்தை ஓட்டிக் காட்டினார். ரோடு, தண்ணீர், கரண்ட் எல்லாம் பாட்டுக்கு ஓடியது. அடுத்த வருஷம் மார்ச்சில் மேக்ஸிஸே ஆஃப்லைன் வசதியைப் பேட்ச்சாக, அதாவது ஒரு திருத்த அப்டேட்டாக, விட்டது. நடக்காத காரியம் ஒரே வருஷத்தில் நடந்தது.

மூன்றாவது வகை தி க்ரூ. இங்கே சர்வர் நிஜமாகவே வேலை செய்கிறது. உங்கள் கார்கள், பணம், எந்த மிஷன் முடித்தீர்கள் என்பதெல்லாம் அங்கேதான். இதை ஒரு மாலை நேரத்தில் பிரித்து எடுக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே இருக்கவேண்டிய அவசியம் இருந்ததா? இதையெல்லாம் பதிந்துவைக்கும் சேவ் ஃபைலை ஆடுகிறவன் கையில் கொடுத்தால் அவன் காசைத் திருத்திக்கொள்வான். கேமுக்குள்ளேயே நிஜக் காசுக்குப் பொருள் விற்கிற கம்பெனிக்கு அது ஆகாது. நான் பார்த்தவரை பாதிக் காரணம் அங்கே இருக்கிறது.

நாலாவது, ஆயிரக்கணக்கான பேர் ஒரே உலகத்தில் இருக்கும் கேம்கள். அங்கே சர்வர்தான் கேம். உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது ஜன்னல் மட்டும். சிட்டி ஆஃப் ஹீரோஸ் 2012 நவம்பரில் மூடப்பட்டது. ரசிகர்கள் நடத்திய சர்வருக்கு 2024 ஜனவரியில் உரிமையாளரான என்சிசாஃப்ட்டே அனுமதி எழுதிக் கொடுத்தது. ஆக இந்த வகையிலும் வழி அடியோடு இல்லாமல் இல்லை. அங்கே எனக்கு அவ்வளவு கோபமும் இல்லை.

7 ஜூலை

"கம்பெனியில் உட்கார்ந்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும்" என்று ஒரு தம்பி சொல்கிறார். உட்கார்ந்திருக்கிறேன் தம்பி. கேம் இல்லை, பில்லிங் மென்பொருள். ஜவுளிக்கடை, மருந்துக்கடைக்கெல்லாம் போட்டுக் கொடுத்தோம். கம்பெனி பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. காலையில் கடை திறந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் எங்கள் சர்வரிடம் உரிமம் கேட்கும். பதில் வராவிட்டால் பில் போடாது. அந்தச் சோதனையை எழுதினவர்களில் நானும் ஒருவன்.

கம்பெனியை மூட முடிவானபோது முதலாளிக்கு சர்வர் வாடகையை நிறுத்துவதுதான் முதல் வேலையாகத் தோன்றியது. நிறுத்தினால் அடுத்த நாள் காலை ஒரு கடையிலும் பில் ஓடாது என்று நாங்கள் சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. விற்றுவிட்ட சரக்கு இன்னும் நம்மைக் கேட்டுக் கேட்டுத்தான் ஓடுகிறது என்பதே மனசில் இல்லை. கடைசி அப்டேட்டில் சோதனையை எடுத்து அனுப்பினோம். அந்த அப்டேட்டைப் போடாத கடைக்காரர்கள் ரொம்ப நாள் ஃபோன் பண்ணித் திட்டினார்கள்.

எனக்கு அதிலிருந்து மிச்சமான சந்தேகம் ஒன்றுதான். மூடும் நாள் என்று ஒன்று வரும் என்பதை டிசைன் பண்ணும்போது யாராவது பேசுகிறார்களா? நாங்கள் பேசவில்லை. பேசியிருந்தால் அந்தச் சோதனையில் ஒரு சுவிட்ச் வைத்திருப்போம்.

7 ஜூலை, சற்றுப் பின்னர்

ஆமாம், ஜவுளிக்கடை பில்லும் கார் ரேஸும் ஒன்றில்லை. சண்டைக்கு வராதீர்கள். நான் எழுதியது மேலே சொன்ன முதல் வகை. மூன்றாவது வகைக்கு இதைவிடப் பல மடங்கு வேலை.

9 ஜூலை

இரண்டு நாளாக எல்லாக் குழுவிலும் யுபிசாஃப்ட்டின் ஒப்பந்த வாசகம் சுற்றுகிறது. உரிமம் முடிந்தால் கேமை நீக்கிவிட்டு, கையில் இருக்கும் எல்லாப் பிரதியையும் அழித்துவிட வேண்டுமாம். காசு கொடுத்து வாங்கின டிஸ்க்கை நானே சுத்தியல் எடுத்து உடைக்கணும். சுத்தியலுக்குக் காசு கேட்காத வரை சரி.

குதிப்பதற்கு முன்னால் ஒரு சொல்: இந்த வாசகம் மென்பொருள் ஒப்பந்தங்களில் பழைய பல்லவி, யுபிசாஃப்ட் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. பழையது என்பதால் நியாயமாகிவிடாது. ஆனால் "இந்த வாரம்தான் சேர்த்தார்கள்" என்று பரப்ப வேண்டாம், அப்புறம் நம் பக்கத்து வாதம் எதையும் எவனும் நம்ப மாட்டான்.

10 ஜூலை

முதல் கேள்விக்காரர் திரும்ப வந்து "தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இருந்தது, நீங்கள்தான் பயன்படுத்தவில்லை" என்கிறார்.

பிலிஸ்ஸார்ட் கம்பெனியின் டயப்லோ 3 கேமை எடுத்துக்கொள்வோம். 2012 மே 15, கணினியில் வந்தது. தனியாக ஆடினாலும் இணையம் வேண்டும். முதல் ராத்திரி உள்ளே போக முயன்ற பலருக்கும் "எரர் 37". ஊர் உலகமெல்லாம் அந்த நம்பரை வைத்தே கேலி பண்ணியது. தென் கொரியாவில் புகார் குவிந்து, அங்கே நியாய வணிக ஆணையம் பிலிஸ்ஸார்டின் அலுவலகத்துக்கே சோதனைக்குப் போனது, பிறகு பணத்தைத் திருப்பித் தர ஒத்துக்கொண்டார்கள். அதே கேம் அடுத்த வருஷம் டிவியில் செருகி ஆடும் கன்சோல்களான பிஎஸ்3க்கும் எக்ஸ்பாக்ஸ் 360க்கும் வந்தது. நெட் வேண்டாம். பக்கத்தில் தம்பியை உட்கார வைத்து இரண்டு பேரும் ஒரே டிவியில் ஆடலாம்.

ஒரே கேம், ஒரே கம்பெனி. கணினிப் பதிப்பில் நிஜக் காசு புழங்கும் ஏலச் சந்தை இருந்தது, கன்சோலில் இல்லை. அந்தச் சந்தையை 2014 மார்ச்சில் மூடினார்கள். மூடின பிறகும் கணினிப் பதிப்புக்கு ஆஃப்லைன் வரவில்லை.

இது தேர்வு என்றால் தேர்வுதான், கையில் கம்ப்யூட்டரும் கன்சோலும் இருந்தவனுக்கு. அப்போது என்னிடம் இருந்தது ஒரு பழைய கம்ப்யூட்டரும், மாசக் கடைசியில் டேட்டா தீர்ந்து ஆமை வேகத்துக்குப் போகிற ஒரு இணைப்பும். எங்கள் தெருவில் மழை பெய்தால் அந்த ஆமையும் இல்லை. நான் வாங்கவில்லை, நண்பன் வீட்டில் போய் ஆடினேன். அதாவது உங்கள் அறிவுரைப்படிதான் நடந்திருக்கிறேன். அதனால் கம்பெனிக்கு ஒரு மயிரிழை நஷ்டமும் இல்லை.

12 ஜூலை

கையெழுத்து எப்படிப் போடுவது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். நம்மால் முடியாது. அது ஐரோப்பியக் குடிமக்கள் முன்முயற்சி, அதாவது சட்டம் கொண்டுவரச் சொல்லி ஐரோப்பிய ஆணையத்திடம் குடிமக்கள் கொடுக்கும் மனு; போட ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக் குடியுரிமை வேண்டும். மொத்தம் பத்து லட்சம், அதோடு குறைந்தது ஏழு நாடுகளில் அந்தந்த நாட்டுக்கு வைத்த அளவையும் தாண்டணும். போன வருஷம் ஜூலை 31ல் தொடங்கியது, இந்த ஜூலை 31ல் முடிகிறது. பத்து லட்சம் தாண்டியாச்சே என்று விட முடியாது, சரிபார்க்கும்போது ஒரு பங்கு தள்ளுபடி ஆகும். விளையாட்டாக யாரும் பொய் விவரம் போட வேண்டாம், அது உதவி இல்லை உபத்திரவம்.

ஆனால் ஒரு குறுக்கு வழி, முழுக்கச் சட்டபூர்வமானது: புதுச்சேரிச் சொந்தம். பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கிறவர்கள் புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டே போடலாம். எங்கள் சித்தப்பா மகன் பாரிஸ் பக்கம் இருக்கிறான். "அண்ணே, நான் கேமே ஆடுறதில்லையே" என்றான். ஆடணும் என்று கட்டாயம் இல்லைடா, குடிமகனாக இருந்தால் போதும் என்றேன். யுபிசாஃப்ட் பிரெஞ்சுக் கம்பெனி, தி க்ரூவைச் செய்த ஐவரி டவர் இருப்பதும் லியோனில். உள்ளூர்ப் பஞ்சாயத்துதான் என்றதும் போட்டுவிட்டான்.

13 ஜூலை

யுபிசாஃப்ட் தலைவர் ஈவ் கிய்மோ பங்குதாரர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். சேவை கொடுக்கிறோம், எதுவும் நிரந்தரம் இல்லை, ஒரு கட்டத்தில் நிற்கத்தான் செய்யும் என்கிற மாதிரி.

யார் நிரந்தரம் கேட்டது? முன்முயற்சியில் இருப்பதைப் படியுங்கள். சர்வரைக் காலமெல்லாம் ஓட்டு என்று எங்கும் இல்லை. காப்புரிமையைக் கொடு என்றும் இல்லை. மூடும்போது, நீ இல்லாமலும் ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போ, அவ்வளவுதான். இதை 2024 ஏப்ரலிலிருந்து ரோஸ் ஸ்காட் என்கிற யூடியூபர் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எதிர்த்துப் பேசுகிற ஆட்கள் முதல் வரியிலேயே "சர்வரை எப்போதும் ஓட்ட முடியுமா" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

21 ஜூலை

எதிர்த் தரப்புக்கும் ஒரு நாள் ஒதுக்குவோம். வீடியோ கேம்ஸ் யூரோப் என்ற தொழில் அமைப்பு விட்ட அறிக்கையைப் பொறுமையாகப் படித்தேன். தனியார் சர்வர் எல்லாக் கேமுக்கும் ஒத்துவராது, ஆடுகிறவர்களின் தரவைக் காக்க ஆளில்லாமல் போகும், தகாத உள்ளடக்கம் வந்தால் பழி உரிமையாளர் மேல் விழும், ஆரம்பத்திலிருந்தே ஆன்லைனுக்காகக் கட்டின கேமை மாற்றச் சொன்னால் செலவு எகிறிவிடும் என்கிறார்கள்.

கடைசியது வெறும் சாக்கு இல்லை. ஒரு பெரிய கேமின் சர்வருக்குள் இருப்பதில் நிறைய வேறு கம்பெனிகளிடம் லைசென்ஸ் எடுத்த சரக்கு. அதை அப்படியே தூக்கி ஜனங்களிடம் கொடுக்க அவர்களுக்கு உரிமை கிடையாது. கார் கேமில் கார்களே லைசென்ஸ். தி க்ரூ மூடலுக்கு யுபிசாஃப்ட் சொன்ன காரணத்திலும் சர்வர் கட்டமைப்போடு லைசென்ஸும் இருந்தது.

ஆனால் லைசென்ஸ் முடிந்தால் புதிதாக விற்கக் கூடாது, சரி. ஏற்கெனவே விற்றதை ஏன் கொல்லணும்? ஃபோர்ஸா ஹொரைசன் என்ற கார் கேமின் பழைய பாகங்களைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள், வாங்கினவன் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறான். கிரான் டுரிஸ்மோ ஸ்போர்ட்டின் ஆன்லைன் 2024 ஜனவரி 31ல் நின்றது, அதற்கு முன்பே பேட்ச் விட்டு சேவ் எல்லாம் ஆஃப்லைனில் ஓடும்படி செய்தார்கள். அதிலும் நிஜக் கார், நிஜ லைசென்ஸ்தான். அது மூடினதும் தி க்ரூ மூடினதும் இரண்டு மாச வித்தியாசத்தில்.

சின்னக் கம்பெனிக்குச் சுமை என்கிறவர்களுக்கு: நாக்கவுட் சிட்டி என்ற ஆன்லைன் கேம். 2023ல் மூடும்போது, சொந்தமாகச் சர்வர் போட்டு ஆடும் பதிப்பைச் செய்து விட்டுவிட்டுப் போனார்கள். செய்த வெலன் ஸ்டூடியோஸ் ராட்சசக் கம்பெனி ஒன்றுமில்லை.

இருந்தாலும் எனக்கு ஒரு தயக்கம் மிச்சம் இருக்கிறது. ஏற்கெனவே கட்டி விற்றுவிட்ட கேம்களுக்கு இந்தச் சட்டம் பின்தேதியிட்டு வந்தால் அநியாயம். இனி வரப்போகிறவற்றுக்கு மட்டும் என்றால், டிசைன் பண்ணும் நாளிலேயே செலவு அடங்கிவிடும். நம் பில்லிங் கதையில் அந்தச் சுவிட்ச்சை முதல் நாள் வைத்திருந்தால் ஆகியிருக்கும் செலவும் கடைசி நாள் பட்ட பாடும் ஒன்றா?

1 ஆகஸ்ட்

முடிந்தது. 14 லட்சத்தைத் தாண்டி நின்றிருக்கிறது. இனி ஒவ்வொரு நாடும் தன் பங்கைச் சரிபார்க்கும்.

2 ஆகஸ்ட்

பப்ஜியை ஏன் யாரும் பேசவில்லை என்று ஒருவர். பேசலாம். 2020 செப்டம்பர் 2ல் மத்திய அரசு தடை போட்டது, அக்டோபர் கடைசியில் இந்தியாவுக்கான சர்வரும் நின்றது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்று வந்தது, பழைய கணக்கை மாற்றிக்கொள்ள வழி கொடுத்தார்கள். 2022 ஜூலையில் அதையும் கடைகளிலிருந்து தூக்கினார்கள், 2023 மேயில் திரும்பியது. என் அக்கா பையன் துப்பாக்கிக்கு வாங்கின சட்டையெல்லாம், ஆமாம் துப்பாக்கிக்குச் சட்டை, போச்சு வந்தது போச்சு வந்தது என்று ஊஞ்சலாடியது. "மாமா, இது என்னுடையதா இல்லையா?" என்று கேட்டான். பாட்டி காதில் விழாமல் கேட்டான், ஏனென்றால் அது பாட்டி கொடுத்த காசு.

ஆனால் இது வேறு வழக்கு. அங்கே அணைத்தது அரசு, கேமும் இலவசம். இந்த இழையில் கலக்க வேண்டாம்.

9 ஆகஸ்ட்

"நுகர்வோர் எதிர்த்தால் கம்பெனி பணியும், 2013 எக்ஸ்பாக்ஸ் ஒன் சாட்சி" என்று மேலே நல்ல குறிப்பு வந்திருக்கிறது. சாட்சி உண்மைதான். அந்த மேயில் மைக்ரோசாஃப்ட்டின் அந்தக் கன்சோல் அறிமுகம், 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் தலை காட்டியாக வேண்டும் என்ற நிபந்தனை. நெட் இல்லாதவர்களுக்கு எங்களிடம் ஒரு பெட்டி இருக்கிறது, அதன் பெயர் எக்ஸ்பாக்ஸ் 360 என்று எக்ஸ்பாக்ஸ் பிரிவின் தலைவர் டான் மாட்ரிக் திருவாய் மலர்ந்தார். ஜூன் 19க்குள் எல்லாவற்றையும் வாபஸ் வாங்கினார்கள்.

அது ஏன் பலித்தது? எதிரே போட்டிக் கன்சோலோடு சோனி நின்றது, டிஸ்க்கை நண்பனிடம் கொடுப்பது எப்படி என்று ஒரு குட்டி வீடியோ போட்டு மானத்தை வாங்கியது. பெட்டி இன்னும் விற்பனைக்கே வரவில்லை, ஜனங்கள் காசு கொடுக்கவில்லை. காசு கைமாறுவதற்கு முன்னால் தகவல் முழுசாகத் தெரிந்தது. தி க்ரூ வாங்கினவனுக்கு இதில் எது இருந்தது?

இப்போது பாருங்கள், டிஸ்க் நுழையும் இடமே இல்லாத கன்சோல்கள். ஜூனில் வந்த நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோலுக்குச் சில கேம்கள் சாவி மட்டும் உள்ள கார்டாக வருகின்றன. கார்டைச் செருகினால் கேம் உள்ளே இல்லை, டவுன்லோட் பண்ணணும். நியாயமாகச் சொன்னால், அதைப் பெட்டியின் முகப்பிலேயே போட்டிருக்கிறார்கள், கார்டை விற்கவும் முடியும். அந்த மட்டுக்குப் பரவாயில்லை.

பழைய டிஸ்க் வாங்கி விற்கிற கடைக்காரர் ஒருவர் எனக்குப் பழக்கம். சர்வர் போன ஒரு கேமைக் கொண்டுபோனேன், அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "பெட்டி வேணும்னா எடுத்துக்கறேன் சார், பத்து ரூபா." டிஸ்க்கைவிடப் பிளாஸ்டிக் பெட்டிக்கு மதிப்பு.

17 ஆகஸ்ட்

சட்டம் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. கலிஃபோர்னியாவில் ஏபி 2426 என்ற சட்டம் இந்த ஜனவரி 1லிருந்து அமலில். டிஜிட்டல் பொருளை விற்கும்போது வாங்குகிறவனுக்குக் கிடைப்பது உரிமம் மட்டும், அது பறிபோகலாம் என்றால் அதைத் தெளிவாகச் சொல்லணும். அது வருவதற்கு முன்பே, போன அக்டோபரில், இணையத்தில் கேம் விற்கும் கடையான ஸ்டீம் தன் பணம் கட்டும் பக்கத்தில் அந்த வாக்கியத்தைச் சேர்த்துவிட்டது. போட்டிக் கடையான ஜிஓஜி சும்மா இருக்குமா, எங்கள் ஆஃப்லைன் இன்ஸ்டாலரை எடுத்து வைத்துக்கொண்டால் எவனும் பறிக்க முடியாது என்று விளம்பரம் பண்ணிக்கொண்டது.

நல்ல சட்டம்தான், ஆனால் கேமைக் காப்பாற்றாது. சாகும் என்று முன்கூட்டிச் சொல்லும், எப்போது என்று சொல்லாது.

அதே கலிஃபோர்னியாவில் போன நவம்பரில் இரண்டு பேர் தி க்ரூவுக்காக வழக்குப் போட்டார்கள். நீங்கள் வாங்கினது வரம்புள்ள உரிமம், பெட்டியிலேயே அறிவிப்பு இருந்தது என்பது யுபிசாஃப்ட் வாதம். வாதிகள் பதிலுக்குக் காட்டினது ஒரு பெட்டியை: ஆக்டிவேஷன் கோடு 2099 வரை செல்லும் என்று அச்சாகியிருக்கிறது. முதல் கேள்விக்காரரே, காட்சி நேரம் கடைசியில் கிடைத்துவிட்டது, 2099.

இந்தியாவில் முடியுமா? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுப்பதும் ஜெயிப்பதும் வேறு வேறு. நான் வக்கீல் இல்லை.

18 செப்டம்பர்

ஜூலை 5ல் கரண்ட் போனதோடு விட்ட பதில். சர்வர் இல்லாத கேமுக்கு உரிமம் எதற்கு? இதற்குத்தான். ரசிகர்கள் சேர்ந்து, சர்வர் எப்படிப் பேசும் என்பதைப் பின்னோக்கிப் பிரித்து ஆராய்ந்து, தி க்ரூ அன்லிமிடெட் என்று மாற்றுச் சர்வரே எழுதி இந்த வாரம் வெளியிட்டுவிட்டார்கள். தனியாளாக, உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓடுகிறது. கேம் ஃபைல் நீங்கள் வைத்திருக்கணும். வைத்திருந்தவன் இன்று மயாமியிலிருந்து சியாட்டில் போய்க்கொண்டிருக்கிறான். கணக்கிலிருந்து எடுக்கப்பட்டவன் ஃபைலுக்கு அலைகிறான்.

ஜூலை 6ல் மூன்றாவது வகைக்குப் பெரிய வேலை என்று எழுதியிருந்தேன். அது மாறவில்லை. சம்பளம் இல்லாமல், மூலக் குறியீடு இல்லாமல், வெளியே இருந்து செய்தாலும் முடிகிற அளவு பெரிசு என்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

26 அக்டோபர்

தி க்ரூ 2க்கு யுபிசாஃப்ட் போன வருஷம் செப்டம்பரில் சொன்ன ஆஃப்லைன் வழி இப்போது வந்துவிட்டது. ஆன்லைனில் இருக்கும் சேவ் ஃபைலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொண்டு தனியாக ஓட்டலாம். சொன்னதைச் செய்தார்கள், பாராட்டத்தான் வேண்டும். முதல் பாகத்துக்குச் சத்தம் போடாமல் இருந்திருந்தால் இது வந்திருக்குமா என்று அவரவர் யோசித்துக்கொள்ளலாம்.

தள்ளுபடியில் கிடந்தால் வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு: நான் இப்போது எந்தக் கேம் வாங்கினாலும் முதல் நாளே நெட்டைப் பிடுங்கிவிட்டுத் தனி ஆட்டம் திறக்கிறதா என்று பார்க்கிறேன். திறக்காவிட்டால் ஸ்டீமில் வாங்கின இரண்டு வாரத்துக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணம் திரும்பும். மதிப்புரை எழுதுகிறவர்கள் ஏனோ இதை மட்டும் சோதிப்பதில்லை. நூறு மணி நேரம் ஆடுகிறார்கள், ஒரு நிமிஷம் வயரைப் பிடுங்க மனசு வராது.

6 நவம்பர்

மூன்றாம் தேதி பிரிட்டன் நாடாளுமன்றத்தில் இதே விஷயம் விவாதத்துக்கு வந்தது. அங்கே மனுவில் 1,89,000க்கு மேல் கையெழுத்து. பேசின உறுப்பினர்களில் பலர் ஆதரவு, அமைச்சர் ஸ்டெஃபனி பீகாக் மட்டும் நுகர்வோர் சட்டத்தைத் திருத்தும் திட்டம் இல்லை என்று முடித்துவிட்டார். எதிர்பார்த்ததுதான்.

இழையைப் பூட்டிவிடலாமா என்று நிர்வாகி கேட்கிறார். வேண்டாம். ஐரோப்பாவின் சரிபார்ப்பு முடிந்து ஆணையம் என்ன பதில் சொல்கிறது என்று வரட்டும், அதை இங்கேயே போடுகிறேன். அதுவரை சுத்தியல் ஜோக் போதும், ஏழாவது தடவை வருகிறது.